இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கம்பி

தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. கல்யாணமான வருடம் ஒரே நாளில் வைத்தவை. ஒன்று என் மனைவி புளியங்குடியில் அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. மற்றது நான் இலத்தூரில் வாங்கியது. அவளுடையதைக் கிழக்கு மூலையில், பக்கத்து வீட்டுப் புளியமரத்தை ஒட்டி வைத்தோம். என்னுடையதைத் துணி துவைக்கும் கல்லருகே வைத்தோம்.

அவள் மரம் மெலிந்து, புளியங்கிளைகளுக்குள் நுழைந்து, அதையும் தாண்டி உயர்ந்துவிட்டது. என்னுடையது குட்டையாக, குண்டாக நின்றது. வீட்டுக்கு யார் வந்தாலும் கொல்லைக்குக் கூட்டிப்போய், "இது எங்க ஊரு கன்னு. அது இவுக வாங்கினது" என்பாள். அவ்வளவுதான். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். குட்டை மரம்தான் குலை குலையாகக் காய்க்கிறது என்று நான் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். குற்றாலத்தில் பழக்கடையில் வேலை. கூட்டமில்லாத நாளில் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே நெருக்கியடித்து நிற்கும் மரங்கள் பக்கத்தில் கிளைவிடாமல் மேலே மேலே போகின்றன. வண்டி நிறுத்தும் இடத்தில் தனியாக நிற்கும் அதே சாதி மரம் பாதி உயரத்திலேயே அகலமாகப் பரந்துவிட்டது. வெயில் தானாக வந்து விழும்போது அது எதற்கு ஏற வேண்டும்? அவள் தென்னையின் கதை எனக்கு அங்கேதான் விளங்கியது. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. சோறு தின்ன வேண்டுமல்லவா.

போன கோடையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, பட்டாளத்தில் இருந்து வந்தவர், புளியமரத்தை வெட்டிவிட்டு மாட்டுக்குத் தகரக் கொட்டகை போட்டார். ஆனியில் மேல்காற்று கிளம்பியதும், தாங்கப் புளியங்கிளை இல்லாத அவள் தென்னை கொட்டகை மேல் சாயத் தொடங்கியது.

"தம்பி, அதுக்கு அடியிலதான் என் மாடு நிக்குது. வெட்டிருங்க" என்றார். நியாயம்தான்.

அன்று அவள் சாப்பிடவில்லை. "எம் மரம் மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டபோதுதான் சொன்னேன். நிழலில் இருந்த மரம், வெயிலைத் தேடி ஓடியிருக்கிறது. தண்டு பருக்க அதற்கு நேரமில்லை.

"அப்பம் வெயிலுக்கு ஏங்கித்தான் வளந்திருக்கு. நான் ஊரெல்லாம் பெரும பேசிட்டு இருந்திருக்கேன். நீங்களும் கேட்டுட்டே இருந்திருக்கீக."

சாய்கிற தென்னையை வெட்டுமுன் கம்பி போட்டு இழுத்துக் கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுமுனைக்கு அசையாத மரம் ஒன்று வேண்டும். கொல்லையில் வேறு எது இருக்கிறது? அவள் துவைகல் பக்கம் போய் என் குட்டை மரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"சரி, அதுலயே கட்டுங்க" என்றாள்.

மரம் ஏறுகிறவர் வந்து, பட்டை அறுபடாமலிருக்கப் பழைய சைக்கிள் டயரைச் சுற்றி, அவள் மரத்தின் மேலிருந்து என் மரத்தின் அடிக்குக் கம்பியை இழுத்து முறுக்கினார். அண்ணாச்சி சுவர் மேலாக எட்டிப் பார்த்து, "ஏ தம்பி, பொண்டாட்டி மரத்தப் புருசன் மரம் இழுத்துப் பிடிச்சிருக்கு போல" என்றார். தெருவே சிரித்தது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஆடிக் காற்று முழுக்க மரம் சாயவில்லை. அண்ணாச்சியும் வெட்டச் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது விருந்தாளி வந்தால், கம்பியில் தலை இடித்துவிடாமல் குனிந்து வரச் சொல்கிறாள் என் மனைவி.