தோளைக் கேட்டேன், கால்களைத் தந்தார்

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் வலது தோள் வேலை செய்ய மறுத்தது. சுபாங் ஜெயாவில் நாங்கள் பயிற்சி செய்யும் குளத்தில் ஃப்ரீஸ்டைல் நீந்திக்கொண்டிருந்தேன். சுவரை உதைத்துத் திரும்பிய முதல் வீச்சில் தோளுக்குள் சுருக்கென்று ஏதோ பிடித்தது. அடுத்த வீச்சில் கை தண்ணீருக்கு மேலே வரவில்லை. கயிற்றைப் பிடித்தபடி ஓரத்துக்கு வந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் படிவ மாணவி, பள்ளியில் எனக்கு அதுதான் கடைசி வருஷம். பள்ளிகளுக்கிடையிலான மாநிலப் போட்டி ஆகஸ்டில். அதை விட்டால் பள்ளி மாணவியாக எனக்கு வேறு போட்டி கிடையாது. எட்டு வயதிலிருந்து அந்தப் போட்டியின் பரிசு மேடையில் ஏற வேண்டும் என்றுதான் நீந்தினேன்.

ஸ்கேனில் தசைநார் லேசாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். போட்டியைப் பற்றி அம்மா கேட்டார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றார் டாக்டர். அடுத்த வருஷம் எனக்குப் பள்ளியே இல்லை.

கிள்ளானில் எங்கள் சபையின் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் மேரி ஆன்டி வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். யாருக்கு என்ன தேவை என்பது முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அம்மாவும் என் தோளைப் பற்றிப் போட்டிருந்தார். மூன்றாவது வாரம்தான் நான் நேரில் போனேன். மேரி ஆன்டி கையில் எண்ணெய் தொட்டு, என் இடது தோளை அழுத்திப் பிடித்து, உரக்க ஜெபிக்கத் தொடங்கினார்.

"ஆன்டி, இந்தப் பக்கம் இல்ல. இது நல்லாத்தான் இருக்கு."

கண்ணைத் திறந்தார். "உங்கம்மா இடதுன்னுதானே போட்டிருந்தா?"

அம்மா என் எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கம் தெரிந்தது எனக்கு வலப்பக்கம்.

"ஐயையோ, இத்தனை நாளா எல்லாரும் இடதுக்கே ஜெபம் பண்ணிட்டோம் லா!" என்றார் ஒருவர்.

"அதான் இது கல்லு மாதிரி இருக்கு," என்றார் மேரி ஆன்டி. "சரி, திரும்பு புள்ள. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

அடிபட்ட நாளுக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்ததில் தோள் வலித்தது.

மார்ச்சில் டெங்கி வந்தது. காய்ச்சல், எலும்புக்குள் வலி, நாளுக்கு நாள் குறையும் ரத்தத் தட்டணுக்கள். மருத்துவமனையில் படுத்திருந்தேன். டெங்கிக்கு நண்டு சூப் நல்லது என்பது இங்கே எல்லார் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சபையில் யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே மாலையில் ஆளுக்கொரு பாத்திரத்தில் நண்டு சூப் வந்து இறங்கியது. தாதி மேசையைப் பார்த்துவிட்டு, "இது வார்டா, சீஃபூட் கடையா?" என்றார். அம்மா அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு என் கால்களைப் பார்த்தேன். குச்சியாகியிருந்தன. இனி முடியாது என்று தோன்றியது. போர்வைக்குள் அழுதேன். நான் ஜெபித்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் நீந்த வேண்டாம் என்றால் இந்த ஆசையையும் எடுத்துவிடுங்கள்."

ஆசை போகவில்லை. காய்ச்சல் போனது.

வீடு திரும்பிய வாரம் கோச் ரவி வந்தார். குளத்தில் என்னைத் திட்டித் திட்டியே வளர்த்தவர்.

"கைதானே கூடாதுன்னாங்க? கால் இருக்குல்ல?"

"கோச், நடந்தாலே மூச்சு வாங்குது."

"அப்போ மெதுவா உதை. யாரு உன்னைத் துரத்துறா?"

டாக்டர் அனுமதித்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, மல்லாந்து கால்களை மட்டும் உதைக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பிசியோதெரபி, பிறகு சுபாங் ஜெயாவில் குளம். அம்மா வேலைக்குப் போகிறவர். யார் என்னைக் கூட்டிப்போவது? நாங்கள் கேட்கவேயில்லை. வெள்ளிக்கிழமை ஜெபித்தவர்கள் திங்கட்கிழமை கார் சாவியோடு வந்தார்கள். முறை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். மேரி ஆன்டி சேலையில் குளத்தோரம் குடை பிடித்து உட்கார்ந்து, வாய்விட்டு ஜெபிப்பார். பக்கத்து லேன் பையன் அவரைப் புது கோச் என்று நினைத்து வணக்கம் சொன்னான்.

ஜூன் மாதம் டாக்டர் இன்னொரு படி விட்டுக்கொடுத்தார். கை தலைக்கு மேல் சுழலாத பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்தலாம். தவளை போலக் கால் உதைத்துப் போகும் அந்த நீச்சல் எனக்குப் பிடிக்காது. முன்பெல்லாம் நான் அதை நீந்தினால், "தவளை பார்த்தா கேஸ் போடும்," என்பார் கோச். ஆனால் அதில் வேகம் பெரும்பாலும் கால்களிலிருந்து வருகிறது. மாதக்கணக்கில் உதைத்த கால்கள் எனக்கு இருந்தன. ஒரு நாள் கோச் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறுபடி நீந்து," என்றார். மறுபடி நீந்தினேன். அவர் கேலி செய்யவில்லை. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆகஸ்டில் டாக்டரின் சம்மதத்தோடு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கலந்துகொண்டேன். இறுதிச்சுற்றுக்குக் கடைசி ஆளாகத் தேர்வானேன். இந்த நீச்சலில் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். வலது கை தயங்கினால் நீந்தியதே செல்லாது. பாதித் தூரம் வரை பின்தங்கியிருந்தேன். திரும்பிய பிறகு கால்களை மட்டும் நினைத்தேன். சுவர் வந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து தொட்டன. வலி இல்லை.

மூன்றாவது இடம். பார்வையாளர் வரிசையில் மேரி ஆன்டியின் "அல்லேலூயா" தனியாகக் கேட்டது. கோச் என் தலையில் துண்டைப் போட்டு, "தவளை கேஸை வாபஸ் வாங்கிடுச்சு," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குளோரின் என்று சொல்லிக்கொண்டார்.

இன்று தோள் முழுமையாகக் குணமாகிவிட்டது. ஃப்ரீஸ்டைலும் நீந்துகிறேன். டாக்டரின் கவனம், மருந்து, பயிற்சி எல்லாம் இதில் இருக்கின்றன. அவற்றை என்னிடம் கொண்டு வந்து சேர்த்தது தேவனுடைய கை என்று நான் நம்புகிறேன். முன்பு நான் ஜெபிக்கும்போது என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கர்த்தருக்கு வேலை சொல்லுவேன். இப்போது கேட்டுவிட்டு, அவர் எந்த வழியாகத் தருகிறார் என்று கவனித்துப் பார்க்கிறேன்.

நோயில், வலியில், இனி என்னால் முடியாது என்ற இடத்தில் இதை வாசிக்கிறவர்களே, தனியாகப் படுத்து அழாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை மேரி ஆன்டி வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும். உங்கள் செருப்பையும் அங்கே கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்.