ஏழு நாள் இல்லாதவர்

அந்தப் பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறையில், பதினொரு வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'நகல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். எதைத் தொட்டாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். லீவு லெட்டருக்கு நகல், அந்த நகலுக்கும் ஒரு நகல். ஐம்பத்து நாலு வயதுவரை பெரிதாக எதையும் இழக்காத மனிதர். பயம் அப்படித்தான் இருக்கும்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களில் யாருக்கு எந்த நாள், எந்த மாடி என்று பட்டியல் போடுவது அவர் வேலை. யாராவது வராவிட்டால் மாற்று ஆள் பிடிப்பார். ஆள் சிக்காவிட்டால் தானே போய்த் தள்ளுவார். அதனால் ஒவ்வொரு நாள் பட்டியலிலும் அவர் பெயர்தான் முதலில் இருக்கும், போன் நம்பரோடு.

இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னபோது, மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, புரோகிராமையும் தானே எழுதினார். ஒரு பெரிய பட்டியல். அதற்குள் நாளுக்கொன்றாக ஏழு சின்னப் பட்டியல்கள். தினமும் காலையில் மாடிக்கு மாடி பிரின்டரில் அன்றைய தாள் தானாக வந்து விழும். அடித்தளத்தில் மட்டும் பிரின்டர் கிடையாது.

இந்த நிலையில்தான் ஆட்குறைப்புப் பேச்சு வந்தது. கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க போஸ்ட்டை எடுத்துட்டா என்ன ஆகும்னு மேல கேக்கறாங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நான் பேசிப் பாக்கறேன்."

வெறுமனே எழுதிக் கொடுப்பானேன், புரோகிராமையே பேச வைத்துவிடலாமே என்று தோன்றியது நகல் சாருக்கு. வழக்கம்போல அந்தப் பெரிய பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்தார். மூலத்துக்கு ஆபத்தில்லையே என்று சோதித்தும் பார்த்தார்: நகலில் எட்டாவதாக ஒரு நாளைச் சேர்த்தார், மூலத்தில் ஏழே நாள்தான் இருந்தது. ஆக இரண்டும் வேறு வேறு. திருப்தியாக எட்டாவதை அழித்துவிட்டு, நகலின் ஏழு நாளிலிருந்தும் தன் பெயரை எடுத்தார். 'ஏழு நாளும் மாற்று ஆள் இல்லை' என்று திரை சிவந்தது. அதை அப்படியே அறிக்கையாக அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சேமித்து மூடினார்.

அடுத்த வாரம் அவருடைய பணிக்காலத்திலேயே அமைதியான வாரம்.

"ஒரு போன் இல்ல பாரு," என்றார் மனைவியிடம். "ஒருத்தர் விடாம வர்றாங்க. நான் போட்ட பட்டியல் அப்படி."

"ஏங்க, உங்க போன் செத்துகித்து போச்சா? இருங்க, நான் அடிச்சுப் பாக்கறேன்."

அடித்தது. நன்றாகவே அடித்தது.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் மேஜையில் அவருடைய அறிக்கையும், அதன் பக்கத்தில் போன வாரத்துத் தாள்கள் ஏழும் இருந்தன. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

"காகிதத்துல காட்டச் சொன்னேன். நீங்க நடத்தியே காட்டிட்டீங்களே சார்!"

நகல் சார் மூன்றாவது மாடிக்கு ஓடினார். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பெண், புரோகிராமில் அவர் நகலெடுத்த அந்த ஒரு வரியைப் பார்த்தாள்.

"அங்கிள், இது மேலோட்டமான காப்பி. புதுசா ஒரு சாவிக்கொத்து செஞ்சிருக்கீங்க, அவ்வளவுதான். ரூம் அதே ஏழு ரூம். புதுச் சாவியால திறந்து நாற்காலியைத் தூக்கி வெளிய போட்டா, பழைய சாவியால திறக்கறவனுக்கு மட்டும் நாற்காலி இருக்குமா?"

"எட்டாவது நாள் சேத்துப் பாத்தேனேம்மா. மூலத்துல வரலையே."

"அது கொத்துல ஒரு சாவி கூடிச்சு. பழைய கொத்துக்கு எப்படித் தெரியும்? உள்ள இருக்கற ஒவ்வொரு பட்டியலையும் தனித்தனியா புதுசா எடுக்கணும். டீப் காப்பின்னு இருக்கு, ஒரே வார்த்தை."

அந்த ஒரே வார்த்தையைத் தாளில் எழுதிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் திரும்பினார். சாவி, ரூம், நாற்காலி எல்லாம் மூச்சிரைக்கச் சொன்னார். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை.

"சரி சார், தெரியாமதான் போச்சு, ஒத்துக்கறேன். போன வாரம் ஆறு பேர் வரல. அவங்களுக்குள்ளயே மாத்திக்கிட்டாங்க. ஒரு பேஷன்ட்கூட காத்திருக்கல. இதை வச்சுக்கிட்டு நான் மேல என்னன்னு பேச?"

"என் நம்பர் எல்லாருக்கும் தெரியுமே சார். ஒருத்தர்கூடவா கூப்பிடல?"

"கேட்டேன். லிஸ்ட்ல சார் பேர் இல்ல, லீவு போலன்னு விட்டுட்டோம்னாங்க. உங்க மேல அவ்வளவு மரியாதை."

மாத முடிவோடு அந்தப் பணியிடம் எடுக்கப்பட்டது. புரோகிராமை எழுதியவர் அவரே என்பதால், பட்டியலை அவர் பெயர் இல்லாதபடி நிரந்தரமாகத் திருத்தும் வேலையும் அவருக்கே வந்தது. பிழையில்லாமல் செய்து கொடுத்தார். பாராட்டினார்கள்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "பதினோரு வருஷம்ங்க. ஏழு நாள்ல ஒருத்தர்கூடவா தேடல?"

"ரெண்டாம் மாடியில ஒரு நாள் தேடினாங்களாம்."

அவள் நிமிர்ந்தாள். "அப்புறம்?"

"சக்கர நாற்காலியை. கிடைச்சிடுச்சு."