முந்தி ஓடிய வாட்ச்

என் அண்ணன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வெளிநாட்டு மேலாளருக்குக் கார் ஓட்டினார். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பியபோது தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி அண்ணன் கையில் கட்டிவிட்டுப் போனார். பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால்தான் ஓடும். அது எவ்வளவு உசத்தி என்பது அண்ணன் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். "பொண்ணு கல்யாணத்துல மாப்ள கையில கட்டணும் தம்பி. அவங்கப்பா சீரு இது ஒண்ணுதான். எனக்குக் கையில எடுத்தாலே அழுக வருது. அதுவரிக்கும் நிக்காம ஓட்டிக்கினு இரு."

தினமும் குளித்துத் திருநீறு பூசியதும் சாவி கொடுத்து, சாமி மாடத்தில் வைப்பேன். மாடத்தில் இரவும் பகலும் நமசிவாய சொல்லும் சின்ன மந்திரப் பெட்டி ஒன்று உண்டு. திருப்பாச்சூர் கோயில் வாசலில் வாங்கியது. வாட்சை அதன் மேல்தான் வைத்தேன். சாமி பெயர் கேட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஐப்பசியிலேயே வாட்ச் முந்தி ஓட ஆரம்பித்தது. முள்ளைத் திருத்தி வைத்தாலும் மறுநாள் கால் மணி நேரம் முன்னால் ஓடியிருக்கும்.

திருவள்ளூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்த உடனே திறக்கும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இன்னா நைனா, இத்த வச்சிக்கினு பேஜாராவுற? உள்ள இருக்கற மிஷின தூக்கிட்டு பேட்டரி மிஷின் போட்டுத் தரேன். லைஃபுக்கும் ஓடும்."

"எடுக்கற மிஷின இன்னா பண்ணுவ?"

"அது எதுக்கு உனுக்கு? பழைய இரும்பு."

பழைய இரும்பைப் பார்க்கிற பார்வை இல்லை அது. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. குளிர்ந்த அறையில் உட்காரவைத்து, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தை மாதம் காத்திருக்குமா?

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். "ஜனங்க பேசுது தம்பி. கட கடயா ஏறி எறங்கறியாமே. உள்ள இருக்கறத எவனாச்சும் மாத்திட்டா எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?" என்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் இரவு ஷிப்டு கொடுக்காத அசதியை அந்தக் கேள்வி கொடுத்தது.

எங்கள் கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார். "தொறக்கறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கறவங்க கிட்ட குடு. வேல கத்துக்கினதுக்கு சர்டிபிகேட் இருக்குதான்னு பாரு. கழட்டுன பார்ட்ட திருப்பித் தருவியான்னு கேளு." சென்னையில் ஒரு விலாசமும் கொடுத்தார்.

வார விடுமுறையில் ரயிலேறினேன். செவ்வாப்பேட்டை தாண்டியும் நின்றுகொண்டேதான் போனேன். அந்த விலாசத்தில், மாடியில் சின்ன அறை. வாட்ச் பழுது பார்ப்பது என் மகள் வயதுப் பெண். சுவரில் வாட்ச் கம்பெனிப் பள்ளியில் படித்த சர்டிபிகேட், பக்கத்தில் மாதா படம், அதற்குப் பூ. எந்தச் சாமியானால் என்ன, கும்பிடுகிற பெண். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவள் கண்ணில் லென்ஸைப் பொருத்தி வாட்சின் முதுகைப் பார்த்தாள். "இத யாருமே தொறக்கல அங்கிள். ஒரு கீறல் கூட இல்ல."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு சின்ன திசைகாட்டி ஒன்றை வாட்ச் பக்கத்தில் வைத்தாள். அதன் முள் ஆடித் திரும்பியது. "காந்தம் ஏறியிருக்கு. எங்க வைப்பீங்க?"

"சாமி மாடத்துல. மந்திரப் பெட்டி மேல."

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பெட்டில ஸ்பீக்கர் இருக்குல்ல, அதுல காந்தம் இருக்கும் அங்கிள். உள்ள முடி மாதிரி சுருள் கம்பி ஒண்ணு இருக்கு. காந்தம் பட்டா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதான் முந்தி ஓடுது."

காந்தத்தை இறக்கும் ஒரு கருவிமேல் வாட்சை வைத்துப் பொத்தானை அழுத்தி, மெல்லத் தூக்கினாள். மறுபடி பக்கத்தில் வைத்தபோது திசைகாட்டியின் முள் அசையவில்லை. டிக் சத்தத்தைக் கேட்டுத் திரையில் கோடு போடும் இன்னொரு கருவியில் வைத்தாள். கோடு நேராகப் போனது.

"இப்ப தொறக்கவே வேணாம். கல்யாணம் முடிஞ்சு நிதானமா சர்வீஸ் குடுங்க. கழட்டற பார்ட் எல்லாம் உங்க கையிலயே தந்துடுவேன்."

நான் கேட்க வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். கீழே இறங்கத் தொடங்கினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதற்கா இத்தனை அலைச்சல், ஈசனே?

வீட்டில் அண்ணி காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் என் மனைவி, "இவ்ளோ அலைஞ்சது சாமி கிட்ட வச்சதுக்கா?" என்றாள்.

"பெட்டி மேல வச்சதுக்கு. சாமிய இழுக்காத."

"அப்ப மாப்ள ஊட்லயும் இந்தப் பெட்டி இருக்குமே தம்பி! கட்டும்போதே அவரு காதுல சொல்லிடு" என்றார் அண்ணி. சிரித்தோம்.

அண்ணி வாட்சைத் திருப்பி, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். "அவரு கட்டிக்கினு இருந்ததேதான?"

"அதேதான் அண்ணி. யாரும் தொறக்கல."

அன்றைக்கு அண்ணியே சாவி கொடுத்தார். அழவில்லை. மனைவி மாடத்துக்கு எதிர்ச்சுவரில் ஒரு ஆணியைக் காட்ட, அங்கே மாட்டினார். மந்திரப் பெட்டி தன்பாட்டுக்கு நமசிவாய சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.