வாத்தியாரின் முழங்கையும் இரண்டு மட்டைகளும்

அன்று காலை டென்னிஸ் கோர்ட்டில் இருந்தவர்கள்: பூட்டு வியாபாரி ஒருவர். புகையிலை மண்டி முதலாளி ஒருவர். பல் டாக்டர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் வாத்தியார் ஒருவர். அப்புறம் நான். நான் மார்க்கர்.

மார்க்கர் என்றால் விடியுமுன் மண் கோர்ட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும். உருளை இழுக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும். நாலு பேரில் ஒருவர் வராவிட்டால் நாலாவது ஆளாக நின்று ஆடவும் வேண்டும். அவர் வந்துவிட்டால் நகர்ந்து கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தேன். இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

வாத்தியார் அன்று டீ கிளாஸை இடது கையில் வாங்கினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். வலது முழங்கையை அமுக்கினார். வாத்தியார் உதட்டைக் கடித்தார். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். ஆடியிலிருந்து என்றார். மதுரையில் எலும்பு டாக்டரிடம் காட்டியாகி விட்டதாம். அரைப் பரீட்சைக்குள் வலி போகாவிட்டால் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"விட்ற வேண்டியதுதான்" என்றார் வாத்தியார். "காலைல எந்திரிச்சு பேப்பர் படிக்கலாம்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாதாகோயில் திருநாளுக்குக்கூடப் பூசை முடித்து நேராகக் கோர்ட்டுக்கு வருகிற ஆள். கல்யாண வீட்டிலும் பையில் மட்டை இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஆடக் கற்றுக்கொண்டவர். அதனால் ஆசை அதிகம்.

டாக்டர்தான் ஆரம்பித்தார். வலிக்கிற கைக்குக் கனமான மட்டை எதற்கு, லேசாக ஒன்று வாங்கு என்றார். எதை வாங்கலாம் என்று வாத்தியார் என்னைப் பார்த்தார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. புதிதாக ஆட வருகிறவனுக்கு எந்த மட்டையும் சரி. நன்றாக ஆடுகிறவனுக்குத் தனக்கு எது வேண்டும் என்று தெரியும். நடுவில் இருப்பவர்களோடுதான் பாடு. நாலு பந்து நன்றாக விழுந்தால் கை நன்றாக இருக்கிறது என்பார்கள். நாலு பந்து வெளியே போனால் மட்டை சரியில்லை என்பார்கள். வாத்தியாரும் நடுவில் உள்ளவர்தான். ஆனால் மட்டையைக் குறை சொன்னதில்லை.

புதிதாக வாங்கலாம் சார் என்று சொன்னேன். மண்டி முதலாளி சிரித்தார்.

"மார்க்கரு சொல்லத்தானய்யா செய்வான். புதுசு வந்தா பழசு அவன் வீட்டுக்குத்தான போகும்."

எங்கள் கிளப்பில் அது வழக்கம். புது மட்டை வாங்கினால் பழையது மார்க்கருக்கு. நான் கேட்டு வாங்கியதில்லை. வேண்டாம் என்றதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் நானும் மதுரைக்கு பஸ்ஸில் போனோம். கடையில் சுவர் முழுக்க மட்டைகள் தொங்கின. கடைக்காரர் ஐந்தை இறக்கி வைத்தார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று காற்று மாதிரி இருந்தது. தலை பெரியது. சட்டம் விறைப்பு, வளைத்தால் வளையாது. எங்கே பட்டாலும் பந்து போய்விடும் என்றார் கடைக்காரர். வலிக்கிற கைக்கு லேசுதான் நல்லது என்று நானும் நினைத்தேன். அதையே எடுங்க சார் என்றேன். வாத்தியார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மட்டையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பூட்டு வியாபாரி இரண்டு மட்டையையும் கடைக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்துவிட்டு வந்தார். பழையது முந்நூற்று முப்பது கிராம். புதியது இருநூற்று அறுபது.

"ஏன்யா, கனமில்லாத பூட்ட எங்கடைல ஒருத்தனும் தொடமாட்டான்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பூட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் பூட்டு என்றார் டாக்டர். பூட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி என்று பிறகுதான் தெரிந்தது.

புது மட்டைக்கு நான் நரம்பு கட்டினேன். என் கட்டுக்கு ஊரில் பேர் உண்டு. கட்டி முடித்ததும் ஆட்கள் நகத்தால் தட்டுவார்கள். டிங் என்று கேட்க வேண்டும். கேட்டால் மார்க்கர் கைதான் கை என்பார்கள். டொப் என்று கேட்டால் அவிழ்த்துக் கட்டச் சொல்வார்கள். என் மெஷினில் ஒரு நீளத் தண்டு இருக்கும். தண்டில் பவுண்டு எண் போட்டிருக்கும். எடைக்கல்லை எந்த எண்ணுக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு இறுக்கம். நான் அறுபதில் வைப்பேன். யார் மட்டையானாலும் அறுபது. வக்கீல் மட்டையும் அறுபது, வாத்தியார் மட்டையும் அறுபது. கேட்டதுமில்லை, யோசித்ததுமில்லை.

இறுக்கிக் கட்டுங்கள் என்று வாத்தியாரும் சொல்லியிருந்தார். தட்டிப் பார்த்தார். டிங் என்றது. சந்தோஷப்பட்டார்.

முதல் வாரம் பந்து பறந்தது. இரண்டாவது வாரம் கை போயிற்று. வீட்டுக் கதவுச் சாவியைத் திருப்ப முடியவில்லை என்றார். வகுப்பில் போர்டில் பையன்களை எழுத விடுகிறாராம். கோர்ட்டில் நாலு கேம் ஆடுவார். ஐந்தாவதில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்துக் கொள்வார். நான் உள்ளே போவேன். அவருடைய பழைய மட்டை வழக்கப்படி என்னிடம் வந்திருந்தது. அதை வைத்து அவர் இடத்தில் நின்று ஆடினேன். அது எனக்கு நன்றாக இல்லை. யாரிடம் சொல்வது.

பிறகு அவர் ஆடவே இல்லை. வருவார், பெஞ்சில் உட்காருவார், டீ குடிப்பார், நாகல் நகர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போவார். அரைப் பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது.

ஒரு ஞாயிறு மற்றவர்கள் வரப் பிந்திவிட்டது. வாத்தியார் பூசை முடித்து வந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. சும்மா நிற்கிறாரே என்று, ரெண்டு பந்து தட்டுறீங்களா சார், மெதுவா, என்றேன். பழைய மட்டையைக் கொடுத்தேன். நான் வேறொரு மட்டையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பந்து பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. அவர் நிறுத்தினார். முழங்கையைத் தொட்டார். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இத என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"குத்தல் இல்லயே. கொஞ்சம்தான் இருக்கு."

நரம்பை நகத்தால் தட்டினார். டொப் என்றது.

"உங்க நரம்பு அந்துருச்சு. இது மிச்ச நரம்பு சார்" என்றேன். "மத்தவங்களுக்குக் கட்டுனதுல வெட்டி விழுறது. முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுக் கட்டுனேன். இழுத்தா அந்துரும். அதான் தொளதொளன்னு விட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் மட்டையில் எப்போதும் மிச்ச நரம்புதான். இருபது வருஷம் ஆடுகிறேன். முட்டி வலிக்கும், இடுப்பு வலிக்கும். கை வலித்ததில்லை. நரம்பு இறுக்கமாக இருந்தால் பந்தின் அடி முழுவதும் கைக்கு வருகிறது. பழைய மட்டையிலும் நான் அறுபது போட்டுத்தான் அவர் ஆடினார். வலி அதில் ஆரம்பித்தது. பிறகு லேசான விறைத்த மட்டையை எடுக்கச் சொல்லி, அதிலும் அறுபது போட்டேன். பழையது கனம். கனம் பாதி அடியைத் தாங்கியது. புதியது எதையும் தாங்கவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியாது. என் கட்டுக்கு இருந்த பேரும் போகாது.

"சார், உங்க கையக் கெடுத்தது நான்தான்" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இறுக்கிக் கட்டுங்கன்னு நான்தான சொன்னேன்."

"சொன்னீங்க. கட்டுனவன் நான்."

"அப்பப் பாதிப் பாதி" என்றார். கணக்கு வாத்தியார்.

மட்டையை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றார். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற பழக்கம் கிடையாது என்றார். இது உங்க கைக்குப் பழகுனது சார், கடையில எங்க தேடுனாலும் கிடைக்காது என்றேன். அப்படியென்றால் புதியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அது விலை அதிகம். நான் மறுத்தேன். அவர் மறுநாள் கொண்டு வந்து என் சைக்கிள் கேரியரில் செருகிவிட்டார்.

மண்டி முதலாளி பார்த்துவிட்டார்.

"மார்க்கரு கெட்டிக்காரன்யா. பழசக் குடுத்துப் புதுச வாங்கிட்டான்."

நான் உருளையை இழுத்துக்கொண்டு போனேன். வாத்தியார்தான் சொன்னார், நானாகத்தான் கொடுத்தேன் என்று. மண்டி முதலாளி நம்பிய மாதிரி தெரியவில்லை. அந்தப் பேச்சு கொஞ்ச நாள் கிளப்பில் ஓடியது.

பழைய மட்டையிலிருந்து முடிச்சு நரம்பையெல்லாம் வெட்டி எடுத்தேன். புது நரம்பு போட்டேன். எடைக்கல்லைத் தள்ளும்போது கை தானாக அறுபதுக்குப் போனது. பழக்கம். பின்னால் இழுத்து ஐம்பதுக்குக் கீழே கொண்டு வந்தேன். முதல் வரி கட்டும்போது தப்பு வேலை செய்கிற மாதிரி இருந்தது. கைப்பிடியும் வாத்தியாருக்குச் சிறியது. அதன்மேல் இன்னொரு துணி நாடா சுற்றினேன். இப்போது யாராவது எந்த மட்டை வாங்கலாம் என்று கேட்டால், கை வலி உண்டா என்று முதலில் கேட்கிறேன். கடையைப் பற்றிப் பிறகுதான் பேச்சு.

உடனே ஆடாதீர்கள் சார் என்று சொன்னேன். மூன்று வாரம் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அரைப் பரீட்சை முடிந்தது. எலும்பு டாக்டரிடம் போகவில்லை. போனால் விடச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

லீவு விட்ட மறுநாள் காலை வந்தார். பூட்டு வியாபாரி மட்டையை வாங்கி நகத்தால் தட்டினார். டொப்.

"என்னப்பு இது, கட்டில் நாடாவா?"

"எங்கைக்கு இதான்" என்றார் வாத்தியார்.

சிரித்தார்கள். டாக்டர் மட்டும் மட்டையை வாங்கி நரம்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

ஆட ஆரம்பித்தார்கள். நாலு பேரும் இருந்ததால் நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாலாவது கேம் முடிந்தபோது வாத்தியார் என் பக்கம் பார்க்கவில்லை. ஐந்தாவதுக்கு அவரே பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனார். வெயில் ஏறியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடிக்கவில்லை. பந்து முன்போலப் பறக்கவில்லை, ஆனால் உள்ளே விழுந்தது. முதல் செட் ஆறு நாலு. இரண்டாவது ஆறு மூன்று. முடிந்ததும் டீ கிளாஸை வலது கையில் வாங்கினார்.

கூட்டிப் பார்த்தேன். மொத்தம் பத்தொன்பது கேம்.