லோஜிங் சடக்கில் அரை மணி நேரம்

எங்கள் சைக்கிள் குழுவில் எட்டுப் பேர். மலை ஏறும்போது எல்லாரையும்விட மெதுவாக வருபவன் நான்தான். ஏர்கோன் பழுது பார்ப்பது என் தொழில். நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்குகிறேன், ஆனாலும் தொப்பை குறைந்தபாடில்லை. ஐம்பது வயதில் இனிப்புநீர் வந்தது. கிளினிக் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பாக இருந்ததால், ஈப்போவின் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன், "அப்ப சைக்கிள் மிதிங்க" என்றார். அவர் தமிழ் முஸ்லிம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு ஞாயிறுதோறும் ஏழு பேரை இழுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். குழுவை உண்டாக்கியவரும் அதற்குச் சட்டம் வைத்தவரும் அவரே. சட்டம் ஒன்றுதான்: யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது. அதனால் அவர் எப்போதும் கடைசியில், எனக்குப் பின்னால் வருவார். என் மூச்சிரைப்பை அதிகம் கேட்டவர் அவர்தான், என் மனைவிகூட இல்லை.

இரண்டு மாதம் பயிற்சி எடுத்துவிட்டுக் கேமரன் மலைக்குப் போவதென்று முடிவாயிற்று. சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, லோஜிங் சந்திப்பைத் தாண்டி, கம்போங் ராஜாவில் தங்குவது. மறுநாள் ரிங்லெட், தாப்பா வழியாக இறங்கி வீடு திரும்புவது. சாமான்களையும் மதியச் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு அண்ணனின் மச்சான் பிக்கப் ஓட்டி வருவதாக ஏற்பாடு. அதாவது அண்ணன் மனைவியின் தம்பி.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி, சிம்பாங் பூலாயில் பசியாறினோம். சுண்ணாம்பு மலைகளைக் கடக்கும் வரை கல் லோரிகளின் தூசிதான். அப்புறம் லோஜிங் சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலை காட்டுக்குள் நுழைந்து ஏறத் தொடங்கிற்று. செங்குத்தான ஏற்றம் இல்லை. ஆனால் முடிவதே இல்லை. ஒரு வளைவு முடிந்தால் அதேபோல் இன்னொன்று. முன்னால் போன ஐந்து பேர் அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். எனக்குக் கொஞ்சம் முன்னால் 'மிஸ்ஸி' போய்க்கொண்டிருந்தாள். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் ஊரில் தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம், அதுவே குழுவில் அவளுக்குப் பெயராகிவிட்டது. நாற்பது வயது. எங்கள் எட்டுப் பேரில் பலமான கால்கள் அவளுடையவை. எனக்காகத்தான் மெதுவாக மிதித்தாள்.

பத்து மணிக்கு மேல் இருக்கும். பின்னால் சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இல்லை. ஏற்றத்தில் அவர் என்னைவிடப் பின்தங்குவதா? ஒன்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக் கொஞ்சம் நின்றேன். வரவில்லை. திரும்பி இறங்கினேன்.

இரண்டு வளைவுக்குக் கீழே, சாலையோர இரும்புத் தடுப்பில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளைப் புல்லில் போட்டிருந்தார். அந்த மனிதர் சைக்கிளைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்னண்ணே?"

"காத்துலா. ரொட்டி நெறைய தின்னுட்டேன். செத்த ஒக்காந்தா சரியாயிரும்."

"நெஞ்சு வலிக்குதா?"

"தாடை வலிக்குது. பல்லு போல." சட்டையின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "ஒக்காருங்க. ஒங்களுக்கும் ரெஸ்ட்டுதானே."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மச்சானுக்குத் தெரிஞ்சா ஒடனே அவன் அக்காவுக்குப் போன் போடுவான். அவ இனிமே என்ன சைக்கிள தொட விடமாட்டா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. மிஸ்ஸிகிட்டயும் வேணாம்."

"சொல்லமாட்டேன்" என்றேன். அவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை.

அப்போது மேல் வளைவிலிருந்து மிஸ்ஸியின் குரல் கேட்டது. எங்களைக் காணவில்லையென்று திரும்பி வந்து, தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினாள். எழுந்து நின்றேன். அவள் நின்ற இடத்திலிருந்து மரங்களுக்கு இடையே நான் தெரிந்திருப்பேன். உட்கார்ந்திருந்த அண்ணன் தெரிந்திருக்க மாட்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"பஞ்சர்!" என்று கத்தினேன். "நீ போ. ஒட்டிட்டு வாரோம்."

"டியூப் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ போ!"

அவள் கையை ஆட்டிவிட்டுப் போனாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை ஏமாற்றிவிட்ட இரண்டு பையன்கள் மாதிரி இருந்தோம்.

அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் பிரேக் நாற்றத்தோடு இறங்கிப் போயின. ஒன்றைக்கூட நான் கை காட்டி நிறுத்தவில்லை. போனில் லைன் இல்லை. அண்ணன் முதலில் கடையைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சைக் குறைத்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைக்க இடது கையைத் தூக்கப் பார்த்தார். பாதியிலேயே கை நின்றது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"நான் போய் மிஸ்ஸிய கூட்டிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லமாட்டேன்னு சொன்னீங்க" என்று என் ஜெர்சியின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவற்றில் பலமே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அந்த ஏற்றத்தை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. மூன்றாவது வளைவில் மிஸ்ஸி எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தாள். பஞ்சர் ஒட்ட இவ்வளவு நேரம் ஆகாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. "அண்ணனுக்கு முடியல. நெஞ்சு" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"எவ்ளோ நேரமா?"

"அர மணி நேரம். அதுக்கு மேலயும் இருக்கும்."

என்னைப் பார்த்தாள். குனிந்து, பிரேக்கே பிடிக்காமல் இறங்கினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தன் சைக்கிள் பையிலிருந்து எடுத்த ஆஸ்பிரின் மாத்திரையை அண்ணனின் வாயில் திணித்து, "மெல்லுங்க, முழுங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே என்னிடம், "கீழ பெத்தாய் விக்கிற கடை ஒண்ணு இருந்துச்சுல்ல. பக்கத்துல காடி நின்னுச்சு. போங்க" என்றாள்.

கடையில் ஓர் அஸ்லி மனிதர், பூர்வகுடிக்காரர், பெத்தாய்க் காய்களைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பாதி சொல்வதற்குள் சாவியை எடுத்துவிட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு, என் சைக்கிளையும் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, பழைய நாலு சக்கர வண்டியைக் கிளப்பினார். அண்ணனைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு மிஸ்ஸி உட்கார்ந்தாள். கதவைச் சாத்துமுன் அண்ணன் என்னைப் பார்த்து, "சைக்கிள பாத்துக்கங்க" என்றார். வண்டி ஈப்போவை நோக்கி இறங்கிப் போயிற்று.

மூன்று சைக்கிள்களோடு நான் தனியாக நின்றேன். மூடுபனி இறங்கிக் கொஞ்ச நேரம் சாலையை மறைத்தது. அண்ணன் விட்டுப்போன தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வியர்வை இன்னும் காயவில்லை.

மேலே லோஜிங் சந்திப்பில் காத்திருந்த பிக்கப், பன்னிரண்டரை மணிக்கு எங்களைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தது. மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். பஞ்சர் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவன் அண்ணன், மிஸ்ஸி சைக்கிள்கள் இரண்டையும் ஏற்றிவிட்டு, "ஏறுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான்.

"மேல அஞ்சு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. லைனும் இல்ல. யாராச்சும் போய்ச் சொல்லணும்லா" என்றேன்.

அது உண்மையான காரணம்தான். இன்னொரு காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்திருப்பார். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் மலை ஏறினேன்.

சந்திப்பில் ஐந்து பேரும் நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். செமோரில் கித்தா என்னும் ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்து, எங்களைப் போலவே தமிழ் பேசும் சீனப் பெரியவர் ஒருவர் எங்களோடு உண்டு. அவர்தான் ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். "மொதல்ல நீ சாப்டு. ஒன் மொகமும் சரியில்ல" என்றார்.

திரும்பி இறங்குவதைவிடக் கம்போங் ராஜா பக்கம் என்பதால் மேலே போனோம். ஊருக்குள் நுழைந்ததும் எல்லாருடைய போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. மிஸ்ஸியின் செய்தி: 'அடைப்பு. ஸ்டென்ட் குழாய் வெச்சாச்சு. பேசுறாரு.' சீனப் பெரியவர் சாலையோரத்திலேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு அழுதார். மறுநாள் தாப்பா வழியை விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கினோம். பெத்தாய்க் கடையில் நிறுத்தினோம். அந்த மனிதர் இல்லை. அவர் மனைவியிடம் நன்றி சொன்னோம். அந்த அம்மா அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டு ஆளுக்கொரு கட்டு பெத்தாய் கொடுத்தனுப்பினார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே நாற்காலியில் அக்கா இருந்தார். "அக்கா" என்றேன்.

"பஞ்சர்னு சொன்னீங்களாமே" என்றார். அண்ணனே சொல்லியிருக்கிறார், வேடிக்கைக் கதை போல.

"அண்ணன்தான் சொல்ல வேணாம்னு..."

"அவருக்கு நெஞ்சு வலி. அவரு எதையாச்சும் சொல்வாரு. ஒங்களுக்கு என்ன வலி?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அண்ணனுக்கு என்மேல் துளியும் கோபம் இல்லை. படுக்கையில் எல்லாரிடமும், நான் வாக்கைக் காப்பாற்றியவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே போகவே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கும் அக்கா என்னைப் பார்த்து மீ கோரெங்கா, ரொட்டியா என்று மட்டும் கேட்பார். வேறு பேச்சு கிடையாது. ஒரு நாள் கடை ஏர்கோனில் தண்ணீர் ஒழுகிற்று. கூப்பிட்டார்கள், வேறு ஆளை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அண்ணன் இல்லாமல் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை செமோர் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரம், நானும் மிஸ்ஸியும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி முதல்முறையாக அவளிடம் வாய்விட்டுப் பேசினேன். லோரியை நிறுத்தியிருக்கலாம், உன்னைக் கூப்பிட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசினாள்.

"நான் காலைலயே பாத்தேன் அண்ணே. பசியாறும்போது கைய ஒதறிக்கிட்டே இருந்தாரு. மலையே ஏறல, அதுக்குள்ள வேர்த்திருந்துச்சு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா பயணம் நின்னுரும். ரெண்டு மாசம் லீவு சேத்து வெச்சு வந்திருந்தேன். கேக்கல. நீங்க ஏர்கோன் ரிப்பேர் பண்றவரு. நான் மிஸ்ஸி."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முந்தாநேத்து போய்ச் சொல்லிட்டேன். வெச்சிருக்க முடியல."

"என்ன சொன்னாங்க?"

"அவங்களும் நாம கெளம்புறதுக்கு முந்தின வாரம் பூரா அவரு நெஞ்சத் தடவிக்கிட்டுத் தூங்கினத பாத்தேன்னு சொன்னாங்க. காத்துன்னு நெனச்சு இஞ்சித் தண்ணி போட்டுக் குடுத்தாங்களாம்."

மறுவாரம் அக்கா போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "டாக்டர் மெதுவா மிதிக்கலாம்னு சொல்லிட்டாரு. ஒங்களவிட மெதுவா யாரும் இல்லையாமே. காலைல கூட்டிட்டுப் போங்க. மேடு வேணாம்" என்றார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் நானும் அண்ணனும் தஞ்சோங் ரம்புத்தான் வரை சமதரையில் மிதித்துப் போய், பால் விடாத தே ஓ ஒன்று குடித்துவிட்டுத் திரும்புகிறோம். அவர் முன்னால், நான் பின்னால். அவர் தோள் அசைவதைப் பார்த்துக்கொண்டே போகிறேன். கொஞ்சம் மாறினாலும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அவருக்கு எரிச்சல் வரும். "அன்னிக்கு மலையில நல்லா இருந்தீங்க, இப்ப பொம்பள மாதிரி தொணதொணங்குறீங்க" என்பார். திட்டட்டும்.

போன மாதம் குழு மறுபடியும் கேமரன் மலைக்குப் போயிற்று. பிக்கப்பை அண்ணன் ஓட்டினார், பக்கத்தில் அக்கா. ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் நிறுத்தி எல்லார் முகத்தையும் அக்கா உற்றுப் பார்த்தார். நான் கடைசியாகத்தான் வந்தேன். லோஜிங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நாலரை மணிக்குக் கம்போங் ராஜா போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஒரு துண்டை நீட்டி, "மொகத்த தொடச்சிட்டு இப்டி வெளிச்சத்துல நில்லுங்க, பாப்போம்" என்றார். நின்றேன்.