அகரவரிசையில் போன கல்யாணப் பத்திரிகை

போன வியாழக்கிழமை காலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மொபைல் அடித்தது. அடையாறிலிருந்து வசந்தா அக்கா... என் கணவரின் மூத்த சகோதரி.

"ஏண்டி ஜானகி, எதிராத்து அனுராதாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்துடுத்து. எனக்கு வரலையே? நான் என்ன, ரோட்டுல போறவளா?"

"அக்கா, அது வந்து..."

"ஒண்ணும் வர வேண்டாம். நித்யாவும் வரமாட்டா. முடிச்சு போட வேற ஆளைப் பாத்துக்கோ."

வைத்துவிட்டார்.

நித்யா, அக்காவின் பெண். கல்யாணம், என் பையனுக்கு. அவனுக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி போடுவதுதான் எங்கள் வழக்கம். நித்யா முறைப்படி அத்தை பெண்தான், ஆனால் அவனுக்கு உடன்பிறந்தவளாகவே வளர்ந்தவள்; அந்த இடத்தில் நிற்கப்போகிறவள் அவள்தான் என்று அவர்கள் இருவரும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே முடிவாகிவிட்டது. அவள் இல்லாத மணமேடையா?

எல்லாம் என் ஆப் செய்த வேலை. சரி... நான் செய்த வேலை.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு கடைகளுக்கும் சபாக்களுக்கும் ஆப் செய்து கொடுப்பது என் தொழில். நன்றாகவே செய்வேன். இதில் அடக்கமெல்லாம் கிடையாது. ஊருக்கெல்லாம் செய்கிறவள், சொந்தப் பையன் கல்யாணத்துக்குச் செய்யாமல் இருப்பேனா? பட்டனைத் தட்டினால் எல்லோருக்கும் பத்திரிகை போகும். மண்டபத்துக்கு வழி, முகூர்த்த நேரம், யார் யார் சாப்பிட வருகிறீர்கள் என்ற கேள்வி... எல்லாம் உள்ளேயே இருக்கும்.

ஆனால், ஆப் எழுதும் சாஃப்ட்வேர் இருக்கிறதே, அது லேசுப்பட்ட ஆசாமி இல்லை. காலையில் திறந்தால் "புதிய அப்டேட் வந்திருக்கிறது" என்று பல்லைக் காட்டும். கை வைத்தீர்களோ, தொலைந்தீர்கள்! நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று ஓடாது. வேலையை முடித்துக் கொடுக்கிற வாரத்தில் அப்டேட் பக்கமே போகாதீர்கள். இது என் முதல் விதி.

அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்து. ஒரு கமா விட்டுப்போனால் போதும், திரை முழுக்கத் திட்டித் தீர்த்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அதன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கலங்கிப்போவார்கள். முதலில் வந்த தவறைத் தேடிப் பிடியுங்கள். அதைச் சரிசெய்தால் மீதிப் பாதி தானே ஓடிவிடும்.

கம்ப்யூட்டருக்குள் தெரிகிற பொம்மை மொபைலில் எல்லா ஆப்பும் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பாதீர்கள். உங்கள் சொந்தத்திலேயே பழைய மொபைல், பெரிய எழுத்து, குறைந்த பொறுமை வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எனக்கு அந்த ஒருவர் என் கணவர். "எங்கே தட்டணும்?" என்று அவர் கேட்டால், டிசைன் தப்பு என்று அர்த்தம்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு அன்று என்ன ஆயிற்று?

வெள்ளோட்டத்துக்குப் பொய்ப் பெயர்களைப் போட வேண்டும். குப்புசாமி, முனுசாமி என்று எதையாவது. நானோ உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோருடைய நிஜமான பெயர்களையும் நிஜமான நம்பர்களையும் அப்படியே ஏற்றிவிட்டேன். எல்லாம் நம் மனிதர்கள்தானே என்ற மிதப்பு. 'டெஸ்ட்' என்று நினைத்துத் தட்டினேன். அது நிஜமாகவே லைவில் ஓடியது. அகரவரிசையில் ஒவ்வொருவருக்காகப் பத்திரிகை கிளம்பிவிட்டது. பாய்ந்து நிறுத்தினேன். 'அ' முடிவதற்குள் நின்றுவிட்டது. பரவாயில்லையே, நமக்குக் கை வேகம்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அனுராதாவுக்கு 'அ'. வசந்தா அக்காவுக்கு 'வ'.

எங்கள் வீடுகளில் பத்திரிகை என்றால் முதலில் கோயில், அடுத்து நாத்தனார் வீடு. அதுவும் நேரில், தட்டோடு. அப்புறம்தான் மற்றவர்கள். சனிக்கிழமை நல்ல நாள், அன்று போகலாம் என்றிருந்தேன். இந்த வரிசை எனக்குத் தெரியும். என் ஆப்புக்கு யார் சொன்னார்கள்?

"அவ அப்படித்தான், விடு" என்றார் கணவர். கூடப் பிறந்தவருக்கு அது சுலபம்.

சனிக்கிழமை வரை யார் காத்திருப்பது? அன்று மாலையே அச்சடித்த பத்திரிகை, வெள்ளித் தட்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் சகிதம் அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன். வழியில் கபாலி கோயிலில் ஒன்று வைத்தாயிற்று. லேப்டாப்பும் கூடவே வந்தது. அக்கா கதவைத் திறந்தார். தட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்... பார்வை மட்டும் ஜன்னல் பக்கம்.

"தப்புதான் அக்கா. மெஷின் எழுத்து வரிசை பாக்கறது, உறவு வரிசை பாக்கத் தெரியலை. நீங்க சொல்லுங்கோ, யாருக்கு அப்புறம் யாருன்னு. இப்பவே மாத்திடறேன்" என்று லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி வந்தது.

"முதல்ல மாம்பலம் பெரியப்பா. எழுதிக்கோ."

எழுதினேன்.

"இரு, இரு. உன் தம்பி இருக்கானே, தாய்மாமா. அவனைப் பின்னாடி போட்டா உன் பொறந்தாத்துல கேப்பா. அவனை மேல போடு."

போட்டேன்.

"அப்போ பெரியப்பா கோச்சுப்பாரே? அவரை மேல போட்டா கே.கே. நகர் சித்தப்பா வரவே மாட்டார். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

மேலே போனவர் கீழே வந்தார். கீழே இருந்தவர் மேலே போனார். காபி வந்தது, ஆறியது. கடைசியில் அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எழுத்து வரிசையே இருக்கட்டும்டி. யாராவது கேட்டா, கம்ப்யூட்டர் பண்ணித்துன்னு சொல்லிடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையிலா இருந்தேன்? மெதுவாகக் கேட்டேன்.

"நித்யா... முடிச்சு போட வருவாளோன்னோ அக்கா?"

"வராம? போன மாசமே தி. நகர் போய்ப் பட்டுப் புடவை எடுத்தாச்சே. முடிச்சு போடப்போறவ இவதான், இன்ன தேதிக்கு முகூர்த்தம், முன்னாடியே வேணும்னு சொல்லி டெய்லர்கிட்ட பிளவுஸும் குடுத்தாச்சு."

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. ஆக, என் பையனின் முகூர்த்தத் தேதி, கபாலிக்கு முன்னால் அந்த டெய்லருக்குத் தெரிந்திருக்கிறது!

லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது முடிச்சு விழட்டும், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.