மூலையம்மாவின் சுவர்

கேமரா லென்ஸ் கடையில் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் 'மூலையம்மா'. கடைக்கு வரும் அகலமான காட்சியைப் பிடிக்கும் விலை உயர்ந்த வைட் லென்ஸ்களை, விற்பதற்கு முன் சோதித்துச் சொல்வது அவள் வேலை. அரை இருட்டிலும் படம் எடுக்கும் ரகம் அவை. "நடுவுல எல்லாமே நல்லாத்தான் தெரியும். மூலைக்குப் போனாத்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்" என்பாள். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவள் கண் என்மேல் விழாது. ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் காது இழுபட்டிருப்பதைத்தான் பார்ப்பாள்.

அவள் சோதிக்கும் இடம் எங்கள் வீட்டுப் பக்கச் சந்து. வீட்டின் பூசாத செங்கல் சுவருக்கு எதிரே ட்ரைபாடை நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து படம் எடுப்பாள். அப்படித் திறந்தால் ஒரே தூரத்தில் இருப்பதுதான் தெளிவாக விழும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மங்கிவிடும் என்பாள். பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ட்ரைபாடைத் தூக்க என்னைக் கூப்பிட்டால் எனக்கு உடனே இடுப்பு வலி வந்துவிடும்.

போன மாதம் ஒரே ரகத்தில் மூன்று லென்ஸ்கள் வந்தன. மூன்றிலும் வலது கீழ்மூலை மங்கல். மூன்றையும் கழித்துவிட்டாள். கடை முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணுமா? ஒண்ணுன்னா நம்பலாம்மா. இது தப்புன்னு ஆச்சுன்னா, நாளைக்கு உங்க பேச்சை எவன் நம்புவான்?"

அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அலைந்தாள். சோறு தட்டிலேயே காய்ந்தது.

"சுவர் இருந்தாத்தான் சித்திரம். முதல்ல சாப்பிடு" என்றேன்.

"என் பேரே போகப்போகுது, சாப்பாடாம்!"

ஞாயிறு காலை பாதித் தேநீரோடு எழுந்து சந்துக்கு ஓடினாள். என்னதான் செய்கிறாள் என்று பார்க்க நானும் போனேன். கேமராவைத் தலைகீழாக மாட்டியிருந்தாள்.

"லென்ஸ்ல கோளாறுன்னா, இப்ப மங்கல் எதிர்மூலைக்குப் போகணும்" என்றாள்.

போகவில்லை. அதே செங்கற்களிலேயே நின்றது.

"ஐயோ, லென்ஸ் மேல தப்பே இல்லைங்க!" சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். தான் தோற்றதற்கு அப்படிச் சிரித்தவளை நான் பார்த்ததில்லை. அடுத்த நொடி சிரிப்பு நின்றது. "அப்ப சுவருதான் நேரா இல்லை" என்றாள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டாள். கீழே, குளியலறைக் குழாய் கசியும் இடத்தில், சுவர் நாலு விரல் வெளியே தள்ளியிருந்தது. உள்பக்கம் அதே இடத்தில்தான் எங்கள் மகளின் கட்டில்.

முதலாளிக்குப் போன் போட்டாள். "மூணும் நல்ல லென்ஸ்ங்க. நான்தான் தப்பு." அவர் என்ன சொன்னாரோ, கேட்க அவள் நிற்கவில்லை. கட்டிலை இழுக்கப் போய்விட்டாள்.

"லென்ஸ் முடிஞ்சு இப்ப சுவரா?" என்றேன். சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தேன். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஹால்ல எப்படிம்மா தூங்கறது? இந்த அம்மாவுக்கு எதுலயும் குறைதான்!" மனைவி கட்டிலை ஹாலில் போட்டாள். அறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொத்தனார் புதன்கிழமை வருவதாகச் சொன்னார்.

செவ்வாய் விடியற்காலையில் அடைமழை. மகள் ஹாலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தால் எதிரே சந்து தெரிந்தது. கட்டில் கிடந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல்.

மகள் எழுந்து வந்தாள். பார்த்தாள். அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவியின் கண் அதற்குள் மீதி மூன்று சுவர்களின் மூலைகளுக்குப் போயிருந்தது.

"மழை விட்டதும் அதையெல்லாம் ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துடணும்" என்றாள்.

நான் எழுந்து போய் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.